ஆட்டுப் பாட்டியின் போட்டோ

எட்டாவது படிக்கும்போது என் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவனுக்கு ஆஸ்திரேலியாவில் ஒரு பாட்டி இருந்தார். சொந்தப் பாட்டி இல்லை. மாசாமாசம் பணம் அனுப்புகிற பாட்டி. செம்மறி ஆடு ஒன்றைக் கட்டிப்பிடித்தபடி அவர் நிற்கிற கலர் போட்டோ, நண்பனின் ஜாமெட்ரி பாக்ஸ் மூடிக்குள் ஒட்டியிருக்கும். வகுப்பு முழுக்க அவருக்கு ‘ஆட்டுப் பாட்டி’ என்றுதான் பெயர்.

நண்பனுக்கு வீடு காசிமேடு. அப்பா கடலுக்குப் போனவர், திரும்பவில்லை. அம்மா விடியற்காலையில் ஏலத்தில் மீன் எடுத்து, கூடையைத் தலையில் வைத்துத் தெருத்தெருவாக விற்பவர். சாயந்திரமானால் ராயபுரம் பக்கம் ஒரு சர்ச்சுக்குப் பின்னால் இருந்த ஹாலுக்குப் போய்விடுவான். டியூஷன், பன், பால், பாட்டு. வருஷத்துக்கு இரண்டு செட் யூனிஃபார்ம். கிறிஸ்துமஸுக்கு ஒரு அட்டைப்பெட்டி. பிரித்தால் கலர் பென்சில், ஒரு சட்டை, வாசனை சோப்பு. அந்தச் சோப்பை அவன் அம்மா பிரிக்கவே இல்லை. டிரங்குப் பெட்டியில் புடவைகளுக்கு நடுவே வைத்திருந்தார்.

எனக்குப் பொறாமை தாங்கவில்லை. என் அப்பாவுக்குத் திருவொற்றியூரில் ஃபேக்டரி வேலை. கம்பெனியில் கிடைப்பது தீபாவளிக்கு ஒரு ஸ்வீட் பாக்ஸ். கலர் பென்சில் எல்லாம் கிடையாது. ‘என்னையும் சேர்த்து விடுடா’ என்று கேட்டேன். அவன் சாதாரணமாகச் சொன்னான்: “உனக்குத்தான் அப்பா கீறாரே!” வீட்டுக்கு வந்து, அப்பா செத்தால்தான் சேர்த்துக்கொள்வார்களா என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா கையில் அப்போது தோசைத் திருப்பி இருந்தது. மேற்கொண்டு நீங்களே யூகித்துக்கொள்ளலாம்.

இரண்டு விஷயங்கள் அந்த வயதிலேயே எங்களுக்கு விசித்திரமாகப் பட்டன. ஒன்று, கடிதம். பாட்டிக்கு நன்றி எழுத வேண்டும். அக்கா ஒருத்தர் போர்டில் இங்கிலீஷில் எழுதிப்போட, பிள்ளைகள் பார்த்து எழுதுவார்கள். நான் நலம், நீங்கள் நலமா, இந்த வருஷம் மழை நன்றாகப் பெய்தது, அறுவடை நன்றாக இருந்தது. காசிமேட்டில் என்ன அறுவடை? இறாலா? ஏதோ கிராமத்துக்காகத் தயாரித்த மாதிரிக் கடிதம் அப்படியே கடற்கரைக்கும் வந்துவிட்டது போல. இன்னொன்று, போட்டோ. பாட்டிக்கு அனுப்ப வருஷத்துக்கு ஒரு தடவை எடுப்பார்கள். ஒருமுறை புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனவனை, ‘வேற பழசு இல்லையாடா?’ என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பாட்டி வாங்கித் தந்த சட்டையைப் பாட்டி பார்க்கக் கூடாது!

இப்போது எதற்கு இந்தப் பழைய கதை என்றால், அந்த நண்பன் போன மாதம் என்னைத் தேடிக்கொண்டு வந்தான். துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் நல்ல நிலைமையில் இருக்கிறான். கையில் ஒரு வழவழப்பான நோட்டீஸ். கப்பலில் வேலை பார்க்கும் அவன் மச்சான் மொம்பாசாவிலிருந்து கொண்டுவந்தது. ஆப்பிரிக்கக் கிராமங்களில் பள்ளிப் பிள்ளைகளையும் அநாதைகளையும் விதவைகளையும் ஆதரிக்கும் ஒரு கிறிஸ்தவத் தொண்டு அமைப்பு. அட்டையில் பெரிய கண்களோடு ஒரு சிறுமி. அந்தக் குழந்தையை நீங்கள் ஏற்றுக்கொள்ளலாம், மாசம் இவ்வளவு டாலர். “நான் ஒண்ணை எடுத்துக்கலாம்னு இருக்கேன். ஆட்டுப் பாட்டி கடனை யாருக்காவது அடைக்கணும்ல? நீதான் பி.காம். ஆச்சே, கரெக்டா போய்ச் சேருமான்னு பாத்துச் சொல்லு.”

பார்த்தேன். வெளிநாட்டுத் தர்மத்துக்கு நம் வருமான வரியில் 80ஜி சலுகை கிடையாது என்பதை முதலில் சொன்னேன். அவன் என்னை முறைத்த முறைப்பில் அந்தப் பேச்சு அத்தோடு நின்றது. ஆனால் நோட்டீஸ் என்னை விடவில்லை.

ஒரு குழந்தை, ஒரு கொடையாளி, ஒரு போட்டோ. இந்த ஏற்பாடு பிரபலமானது கொரியப் போர்க்காலத்தில். பாப் பியர்ஸ் என்ற அமெரிக்கப் பிரசங்கி 1950இல் வேர்ல்டு விஷனைத் தொடங்கினார். எவரெட் ஸ்வான்சன் என்ற இன்னொரு பிரசங்கி 1952இல் தொடங்கிய வேலைதான் பிறகு கம்பாஷன் இன்டர்நேஷனல் ஆனது. கொரியாவின் அநாதைக் குழந்தைகளுக்காக ஆரம்பித்த திட்டம் இந்தியா, ஆப்பிரிக்கா என்று பரவியது. மதச்சார்பற்றவர்களும் பின்னால் இதே வழிக்கு வந்தார்கள். 1972இல் பிரிட்டனில் ஆக்‌ஷன் எய்டு ஆரம்பித்தபோது இந்தியாவிலும் கென்யாவிலுமாக 88 குழந்தைகள்.

ஆனால் தமிழனுக்கு இது நூறு வருஷத்துக்கும் முந்தைய பழக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் போர்டிங் பள்ளிகள் நடத்தியது. 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி வந்தது. எங்கோ அமெரிக்காவில் இருக்கும் ஒருவர் ஒரு பிள்ளைக்கு வருஷச் செலவை ஏற்றுக்கொண்டால், அவர் சொல்லும் பெயரைப் பிள்ளைக்கு வைத்துவிடுவார்கள். ‘பாவலர் சரித்திர தீபகம்’ எழுதிய சதாசிவம்பிள்ளை அர்னால்டு ஆனதும், சிதம்பரப்பிள்ளை நெவின்ஸ் ஆனதும், விசுவநாதபிள்ளை கரோல் ஆனதும் அந்த மிஷன் பள்ளி வழக்கத்தில்தான். 1857இல் தொடங்கிய நம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இரண்டு பட்டதாரிகள் யார் தெரியுமா? சி.வை. தாமோதரம்பிள்ளையும் இந்தக் கரோல் விசுவநாதபிள்ளையும். இருவருமே வட்டுக்கோட்டையில் படித்தவர்கள்.

அதாவது, இந்த ஏற்பாடு வேலை செய்யும். வெள்ளைக்காரன் சதி என்று ஒரே வரியில் தள்ளிவிட முடியாது. 2013இல் புரூஸ் வைடிக், பால் க்ளூ, லைன் ரட்லெட்ஜ் என்ற மூன்று பொருளாதார நிபுணர்கள் கம்பாஷன் திட்டத்தை ஆராய்ந்தார்கள். இந்தியா, கென்யா, உகாண்டா உட்பட 6 நாடுகள், 10,144 பேர். ஸ்பான்சர் கிடைத்த பிள்ளைகள் மற்றவர்களைவிட ஒரு வருஷம் முதல் ஒன்றரை வருஷம் வரை கூடுதலாகப் படித்திருந்தார்கள். ஹைஸ்கூலை முடித்தவர்கள் அதிகம். ஆபீஸ் வேலைக்குப் போனவர்களும் அதிகம். என் நண்பன் கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால், ஆராய்ச்சி இல்லாமலேயே நான் ஒப்புக்கொள்வேன்.

பிறகு என்னதான் குறை என்கிறீர்களா?

கணக்கிலிருந்து ஆரம்பிக்கிறேன். நோட்டீஸில் போட்டோ இருக்கிறதே, அந்தக் குழந்தையின் கைக்கா பணம் போகிறது? பல அமைப்புகளில் போவதில்லை. எல்லாப் பணமும் ஒரே பானையில் விழுந்து, கிணறு, பள்ளிக்கூடம், ஊழியர் சம்பளம், தபால் செலவு என்று பிரிகிறது. தப்பில்லை, சொல்லப்போனால் அதுதான் நியாயம். ஒரு வீட்டுக்கு மட்டும் தண்ணீர் தருவதைவிட ஊருக்கே கிணறு வெட்டலாம். வேர்ல்டு விஷன் இதை ஒளிப்பதும் இல்லை. ஊருக்காகவே செலவிடுகிறோம் என்று சொல்லிவிடுகிறது. ஆனால் இந்தத் துறையில் பொதுவாகப் பார்த்தால், போட்டோ பெரிய சைஸில், இந்த விளக்கம் பொடி எழுத்தில். இன்ஷூரன்ஸ் பாலிசி மாதிரி.

1998இல் ‘சிகாகோ ட்ரிப்யூன்’ பத்திரிகை நிருபர்கள் தாங்களே ஸ்பான்சர்களாகச் சேர்ந்து, தங்கள் குழந்தைகளைத் தேடிக்கொண்டு போனார்கள். ஆப்பிரிக்காவின் மாலியில் ஒரு சிறுமி இறந்து நெடுநாளாகியிருந்தது. தகவல் வரவில்லை. பணம் மட்டும் போய்க்கொண்டிருந்தது. பெரிய ரகளையானது.

அது நிர்வாகக் கோளாறு, திருத்திவிடலாம். திருத்த முடியாதது, அந்த ஹாலில் பழைய சட்டைக்காகத் திருப்பி அனுப்பப்பட்டானே, அது. கொடுப்பவருக்கு ஏழைக் குழந்தை வேண்டும். குழந்தை கொஞ்சம் நிமிர்ந்துவிட்டால் கொடுப்பவர் போய்விடுவாரோ என்று நடுவில் இருப்பவருக்குப் பயம். ஆகவே குழந்தை ஏழையாகத் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும். பதினொரு வயதில் ‘நான் யார்’ என்று கேட்டால் என் நண்பன் சொல்லக்கூடிய பதில் ஒரு கேஸ் நம்பர். வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்கிற விஷயம் இவர்கள் வேதத்திலேயே இருக்கிறது. வலது கை, இடது கை இருக்கட்டும். இங்கே போட்டோகிராபருக்குத் தெரியாமல் எதுவும் நடக்காது!

2019இல் வேர்ல்டு விஷன் இதைத் தலைகீழாக்கிப் பார்த்தது. கொடையாளிகளின் போட்டோக்களைத் தொங்கவிட்டு, குழந்தையே ஸ்பான்சரைத் தேர்ந்தெடுக்கலாம் என்றது. நல்ல மனசோடு செய்ததுதான். ஆனாலும் சுயம்வரத்தில் மாலை யார் கையில் இருந்தாலும், பர்ஸ் யார் பையில் இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும்.

அடுத்த குறை இன்னும் பெரியது. ஒற்றை நூலில் கட்டித் தொங்கவிட்ட பொருளை யார் வேண்டுமானாலும் வெட்டிவிடலாம்.

வெட்டினார்கள். கம்பாஷன் 1968இலிருந்து இந்தியாவில் இருந்தது. சென்னையில் கருணா பால் விகாஸ், கொல்கத்தாவில் கம்பாஷன் ஈஸ்ட் இந்தியா என்ற இரண்டு அமைப்புகள் வழியாகப் பணம் வந்து, சர்ச்சுகளோடு சேர்ந்த மையங்களுக்குப் போகும். வருஷத்துக்குச் சுமார் 4.5 கோடி டாலர்; சுமார் 1,45,000 குழந்தைகள். 2016இல் மத்திய உள்துறை அமைச்சகம் முன் அனுமதிப் பட்டியலில் கம்பாஷன் பெயரைச் சேர்த்தது. அதற்கு அர்த்தம், டெல்லி தலையாட்டாமல் பேங்க் ஒரு டாலரையும் உள்ளே விடாது. தலை ஆடவில்லை. அமெரிக்க நாடாளுமன்றக் கமிட்டியில் விசாரணை வரைக்கும் போனது. 2017 மார்ச் 15 கடைசி நாள். கடையைக் கட்டினார்கள்.

அரசாங்கம் சொன்ன காரணம், மதமாற்றம். வெளிநாட்டுப் பணத்தை மதப்பிரசாரத்துக்குப் பயன்படுத்துகிறார்கள். கம்பாஷனின் பதாகையிலேயே இயேசுவின் பெயர் இருக்கிறது, அவர்கள் மறைக்கவில்லை. பசித்த பிள்ளைக்குப் பன்னையும் பாட்டையும் ஒரே தட்டில் வைக்கிறீர்களே, பாட்டு வேண்டாம், பன் மட்டும் போதும் என்று சொல்லும் தைரியம் ஒரு விதவைத் தாய்க்கு இருக்குமா என்று அவர்களைக் கேட்கத்தான் வேண்டும். கேட்கிறேன். என் நண்பன் மதம் மாறினானா? இல்லை. அவன் கல்யாணம் திருவொற்றியூர் வடிவுடையம்மன் சந்நிதியில் நடந்தது. டிசம்பரில் வீட்டு வாசலில் ஸ்டாரும் தொங்கும். அவனோடு படித்த இன்னொருவன் ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டான். இரண்டும் அவரவர் இஷ்டம்.

ஆனால் அரசாங்கத்தைக் கேட்க வேண்டிய கேள்வி வேறு. தப்பு நடந்திருந்தால் கேஸ் போடு. கோர்ட்டில் நிரூபி. தப்பு செய்த மையத்தை மூடு. அதையெல்லாம் விட்டுவிட்டு, குழாயை மட்டும் மூடிவிட்டு, தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் இருந்தால் என்ன பெயர்? 1,45,000 பிள்ளைகளுக்கு மார்ச் 16ஆம் தேதி சாயந்திரம் டியூஷன் எங்கே என்று ஒரு சர்க்குலராவது உண்டா? வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் முதலில் வந்ததே 1976இல், எமர்ஜென்சியில். 2010இல் ஒரு கட்சி இன்னும் இறுக்கியது. 2020இல் இன்னொரு கட்சி மேலும் இறுக்கி, ஒரு அமைப்பு வாங்கிய பணத்தை இன்னொரு அமைப்புக்குப் பிரித்துக்கொடுப்பதையே தடை செய்தது. 2024 ஜனவரியில் வேர்ல்டு விஷன் இந்தியாவின் உரிமமும் ரத்தானது. அதன் தலைமையகம் நம் கோடம்பாக்கத்தில்தான். கட்சி மாறினாலும் திருகு ஒரே பக்கம்தான் சுற்றுகிறது.

கம்பாஷனும் யோக்கியமாக முடித்துக்கொண்டதாக எனக்குத் தோன்றவில்லை. இந்தியக் குழந்தையை இழந்த ஸ்பான்சர்களிடம், வேறொரு நாட்டில் வேறொரு குழந்தையை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்டார்கள். அப்போது மாசம் 38 டாலர். இங்கே நின்றது வேறெங்கோ போகலாம். வணிகத்தில் இதற்கு ‘மார்க்கெட் மாற்றம்’ என்று பெயர். அங்கே ஒரு பிள்ளைக்கு நல்லதுதான். இங்கே பத்து வருஷம் கடிதம் எழுதிய பிள்ளைக்கு? பாட்டி உறவு என்று சொல்லித்தானே அந்தப் பிள்ளையை எழுத வைத்தீர்கள்?

இந்த இடத்தில் ஒரு வடசென்னைக்காரரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. சர் பிட்டி தியாகராயர். தி.நகருக்கு அவர் பெயர்; ஆள் பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம். 1920இல் அவர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டது. பிள்ளை ஒன்றுக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மேல் போகக் கூடாது என்று கணக்கு. போட்டோ கிடையாது. நன்றிக் கடிதம் கிடையாது. அப்பா இருக்கிறாரா, எந்தச் சாமி என்று கேள்வி கிடையாது. வெள்ளைக்கார அரசு செலவை ஒத்துக்கொள்ளாமல் 1925இல் நிறுத்தியது. அப்புறம் காமராஜர் 1956இல், எம்.ஜி.ஆர். 1982இல், காலைச் சாப்பாடாக ஸ்டாலின் 2022இல் என்று அது திரும்பத் திரும்ப வந்தது. முட்டை அழுகல், சாம்பாரில் தண்ணீர் என்று நாம் திட்டுகிறோமே, அந்தத் திட்டும் ஒரு மரியாதை. உரிமை இருக்கிற இடத்தில்தான் திட்ட முடியும். ஆட்டுப் பாட்டி அனுப்பிய பென்சில் முனை உடைந்திருந்தால் நண்பனால் திட்ட முடியுமா?

கென்யாவிலும் 2003இல் தொடக்கக் கல்விக் கட்டணத்தை அரசாங்கம் நீக்கியபோது பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் புதிதாகப் பள்ளிக்கு வந்தார்கள். அத்தனை பேருக்கும் போட்டோ எடுக்க எந்த அமைப்பிடமும் கேமரா கிடையாது.

அரசாங்கம் கொடுத்தால் எல்லாம் கௌரவமாகக் கிடைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆதரவற்ற விதவை உதவித்தொகை தமிழ்நாட்டில் 1975இல் வந்தது. 2023இல் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆனது. அதை வாங்க என் நண்பனின் அம்மா தாலுகா ஆபீஸுக்கு எத்தனை முறை நடந்தார் என்பதற்குக் கணக்கில்லை. புருஷன் செத்ததற்கு ஒரு சர்டிபிகேட், மறுபடி கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்பதற்கு ஒரு சர்டிபிகேட். கடலில் காணாமல்போனவருக்கு முதல் சர்டிபிகேட் வாங்குவதற்குள் ஒரு ஜென்மம் போய்விடும். சர்ச் ஹாலில் அந்த அம்மாவுக்கு ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். தாலுகா ஆபீஸில் வேப்பமரத்தடிதான். இதையும் சொல்லாமல் விட்டால் நான் எழுதுவது பொய்யாகிவிடும்.

இன்னொரு கூத்து இருக்கிறது. வடசென்னையில் பணத்துக்கா பஞ்சம்? துறைமுகம், மணலியில் சுத்திகரிப்பு ஆலை, எண்ணூரில் அனல்மின் நிலையம், உரத் தொழிற்சாலை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தது. அதே மாசம் 26ஆம் தேதி ராத்திரி பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து ஜனங்கள் மூச்சுத் திணறி ஓடினார்கள். 2013 கம்பெனிச் சட்டப்படி பெரிய கம்பெனிகள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். செலவிடுகிறார்கள். ஆண்டறிக்கைகளைப் புரட்டிப் பாருங்கள்: கம்பெனி சின்னம் போட்ட ஸ்கூல் பேக்கை மார்போடு அணைத்துக்கொண்டு வரிசையாக நிற்கும் பிள்ளைகள். ஆடு இல்லை, பாட்டி இல்லை. மற்றபடி அதே போட்டோ.

கம்பெனிகளைச் சொல்லிவிட்டு நம்மை விட்டுவிட முடியுமா? உங்கள் குழந்தையின் பிறந்தநாளுக்கு அநாதை இல்லத்தில் கேக் வெட்டியிருக்கிறீர்களா? நான் வெட்டியிருக்கிறேன். அறுபது பிள்ளைகள் தரையில் சம்மணம் போட்டு, முன்பின் தெரியாத என் பையனுக்கு ‘ஹேப்பி பர்த்டே’ பாடினார்கள். மனசு நிறைந்துபோய் செல்போனில் படம் எடுத்தேன். வெளியே வரும்போது காப்பாளர் சொன்னார்: “இன்னிக்கு இது மூணாவது கேக் சார்.” அவர்களில் யாருக்காவது அன்றைக்குப் பிறந்தநாளா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் என் பையன்தான் கேட்டான்.

நண்பனிடம் போன வாரம் அவன் ஆபீஸுக்கே போய் இதையெல்லாம் சொன்னேன். மீன்காரம்மா பிள்ளைக்குப் பொறுமை அதிகம். முழுக்கக் கேட்டான்.

“இப்போ இன்னா சொல்ற? அனுப்பவா, வேணாவா?”

“அனுப்பு. ஆனா குழந்தை போட்டோ வேணாம், கடிதம் வேணாம், பொதுவா அந்த ஸ்கூலுக்கே வச்சுக்கங்கன்னு எழுதிடு. வருஷக் கணக்கை மட்டும் அனுப்பச் சொல்லு.”

கொஞ்ச நேரம் நோட்டீஸில் இருந்த சிறுமியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“போட்டோ இல்லாட்டி யாருக்குன்னுடா அனுப்புறது? ஆட்டுப் பாட்டி எனக்குன்னு நெனைச்சுத்தானே அனுப்புச்சு. அது செத்துப்போச்சா, இருக்கான்னுகூட எனக்கு யாரும் சொல்லல.”

எனக்குப் பதில் வரவில்லை. அவன் மேஜைக் கண்ணாடிக்கு அடியில், பில் ஆஃப் லேடிங் நகல்களுக்கு நடுவே, ஓரம் பழுத்துப்போன அந்தக் கலர் போட்டோ இருந்தது. ஆட்டின் முகம் அழிந்துவிட்டது. பாட்டி மட்டும் சிரித்துக்கொண்டிருந்தார்.